பட்டறைப் பக்கம்: எட்டாத பைப்புக்கு ஒரு படி ஸ்டூல்

போன மாதம் இந்தப் பக்கத்தில், கடையில் வாங்கிக் கொடுக்கிறதை விட கையால் செய்து கொடுக்கிற ஒரு சாமான் வீட்டில் நிறைய நாள் இருக்கும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன், உதாரணத்துக்கு ஏறி நிற்கிற குட்டி ஸ்டூலையும் சொல்லி வைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஸ்டூலைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். கதவு உப்புகிறது, கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. லயத்தில் இருந்தபோது பிள்ளைகள் பீலியில் முகம் கழுவினார்கள், இப்போது வீட்டுக்குள் பேசின் இருக்கிறது, ஆனால் ஆண்டு ஒன்றுக்குப் போகிற என் மகளுக்கு அது எட்டவில்லை. பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறுகிறாள். அவளுடைய பிறந்தநாளுக்கு நானே ஒரு ஸ்டூல் செய்து கொடுக்க ஆசை. விறகு வெட்டியதைத் தவிர எனக்கு மர வேலை தெரியாது. முடியுமா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: முடியும் தம்பி. விறகு வெட்டத் தெரிந்த ஆளுக்குப் பாதி வேலை தெரியும், அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த வாளியை எடுத்துவிடுங்கள். கவிழ்த்த வாளியின் அடிப்பாகம் ஈரத்தில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும்.

மரம் வாங்க ஓடாதீர்கள், முதலில் பிள்ளையை அளக்க வேண்டும். அவளை வெறுங்காலோடு சுவரோரமாக நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். அப்புறம் தரையிலிருந்து பேசின் விளிம்பு வரை. ஸ்டூலில் ஏறி நிற்கும்போது முழங்கை விளிம்பை விட ஒரு அங்குலம் மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் முழங்கை கீழேயும் கை மேலேயும் இருந்தால் கழுவுகிற தண்ணீர் அப்படியே கைவழியாக இறங்கி சட்டைக்குள் போகும், நம்ம ஊர்க் குளிரில் காலையில் நனைந்த யூனிபோர்மோடு எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்? பேசின் விளிம்பு 33 அங்குலம், பிள்ளையின் முழங்கை 25 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 33-உடன் ஒன்றைக் கூட்டி 25-ஐக் கழித்தால் 9. உங்கள் ஸ்டூலின் உயரம் 9 அங்குலம். கணக்கு 10-ஐத் தாண்டினால் ஒற்றைப் படி வேண்டாம், இரண்டு படி வைத்துச் செய்ய வேண்டும், அது முதல் வேலைக்குக் கஷ்டம்.

இனி பலகை. 10 அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம், 5 அடி நீளம். இழைத்து முடித்தால் கனம் முக்கால் அங்குலத்துக்கு வரும். 4 அடியே போதும்தான், ஆனால் பலகையின் இரண்டு முனையிலும் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கும், அதை வெட்டி எறிய ஒரு அடி கூட இருக்கட்டும். மரக்கடையிலேயே இழைத்துத் தரச் சொல்லுங்கள். வெட்ட வேண்டியவை: மேல் பலகை 16 அங்குல நீளம். கால் பலகை இரண்டு, ஒவ்வொன்றும் எட்டேகால் அங்குலம். நடுச்சட்டம் பன்னிரண்டரை அங்குல நீளம், 4 அங்குல அகலம். அந்தச் சட்டத்தை அறுத்தது போக மிஞ்சுகிற துண்டில் 8 அங்குல நீளத்துக்கு இரண்டு சின்னக் கட்டை. அவ்வளவுதான், ஐந்து அடிப் பலகைக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

இப்போது விறகுக்கு வருவோம். ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்துக் கோடாலி போட்டால் அது எந்தப் பக்கம் பிளக்கும்? மேலிருந்து கீழே, நார் ஓடுகிற வழியே. குறுக்காகப் போட்டால் கோடாலிதான் துள்ளும். கால் பலகையை நிறுத்தும்போது அந்த நார் நின்றவாக்கில் இருக்க வேண்டும், படுத்தவாக்கில் இருக்கவே கூடாது. நான் என் மூத்த மகளுக்கு முதல் ஸ்டூல் செய்தபோது பலகை பற்றாமல் கால்களைக் குறுக்கு நாரில் வெட்டிவிட்டேன். பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, பொலிஷ் போட்டு வைத்தால் ராஜா வீட்டு ஸ்டூல் மாதிரி இருந்தது. பிள்ளை ஏறின வரைக்கும் தாங்கியது. மூன்று மாதம் கழித்து பல்ப் மாற்ற மச்சான் ஏறினார், ‘டக்’ என்று ஒரு சத்தம், கால் பலகை நார் வழியே இரண்டாகப் போனது, அவர் கதிரை மேல் விழுந்து மணிக்கட்டு வீங்கி இரண்டு கிழமை வேலைக்குப் போகவில்லை. இன்னும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கதையை எடுப்பார். ஆகவே வெட்டுவதற்கு முன்னால் பென்சிலால் ஒவ்வொரு துண்டிலும் நார் ஓடுகிற திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள். நான் சொன்ன அளவில் வெட்டினால் கால் பலகையின் எட்டேகால் அங்குலம்தான் உயரம், பலகையின் 10 அங்குல அகலம் முன்னும் பின்னுமாக வரும், அம்புக்குறி மேல் நோக்கி நிற்கும்.

கால் பலகையின் அடியில் நடுவில் ஒரு வெட்டு வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு பலகையும் இரண்டு பாதமாக நிற்கும், கரடுமுரடான சீமெந்துத் தரையிலும் அவ்வளவாக ஆடாது. வளைவாக வெட்டக் குட்டி வாள் இல்லையென்றால் கவலை வேண்டாம். அடிவிளிம்பில் இரண்டு ஓரத்திலிருந்தும் இரண்டரை அங்குலம் விட்டு, நடுவில் ஒன்றரை அங்குல உயரத்தில் ஒரு ஓட்டை போட்டு, இரண்டு பக்கமிருந்தும் அந்த ஓட்டைக்குச் சாய்வாக அறுத்தால் கூரை மாதிரி ஒரு முக்கோணம் கழன்று விழும். ஓட்டையை முதலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. கூர் மூலையை அப்படியே விட்டால் வெடிப்பு அங்கிருந்துதான் மேலே ஏறும்.

பூட்டும்போது மேல் பலகையின் இரண்டு முனையிலிருந்தும் ஒரு அங்குலம் உள்ளே தள்ளிக் கால்களை வையுங்கள். அதற்கு மேல் உள்ளே தள்ளினால் பிள்ளை ஓரத்தில் மிதிக்கும்போது மறு பக்கம் தூக்கும். நடுச்சட்டம் இரண்டு காலுக்கும் நடுவே, மேல் பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த ஒட்டு நாரும் நாரும் ஒரே திசையில் சேர்கிற ஒட்டு, பசை அங்கேதான் நன்றாகப் பிடிக்கும். காலும் சட்டமும் சேர்கிற இடம் அப்படி இல்லை. காலின் வெளிப்பக்கமிருந்து போடுகிற ஸ்க்ரூ சட்டத்தின் முனை நாருக்குள் போகிறது, முனை நாரில் ஸ்க்ரூ பிடிப்பது துடைப்பக் கட்டில் ஈர்க்கு செருகியது போலத்தான், இழுத்தால் வந்துவிடும். இதற்கு ஒரு தந்திரம், பட்டறையில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது: சட்டத்தின் முனையிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, பக்கவாட்டில் விரல் பருமனுக்கு ஓட்டை போட்டு, கெட்டி மரத்தில் ஒரு முளை செதுக்கிப் பசை தடவி அடித்து விடுங்கள். அப்புறம் இரண்டரை அங்குல ஸ்க்ரூவை அந்த முளைக்குள் போகும்படி முறுக்குங்கள். ஸ்க்ரூ முளையின் குறுக்கு நாரைக் கவ்விக்கொள்ளும், பிறகு யார் இழுத்தாலும் வராது.

காலும் மேல் பலகையும் சேர்கிற இடத்துக்குத்தான் அந்த 8 அங்குலக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையையும் நடுவில் இரண்டாக அறுத்து, காலின் உள்பக்கம் மேலே, நடுச்சட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதியாக வைத்து, அதைக் காலோடும் பிறகு அடியிலிருந்து மேல் பலகையோடும் ஸ்க்ரூ போட வேண்டும். இப்படிச் செய்தால் மேலே ஒரு ஸ்க்ரூத் தலையும் தெரியாது. ஒவ்வொரு பாதியிலும் சட்டத்தை ஒட்டிய ஓட்டை இறுக்கமாகவும் ஓரத்து ஓட்டை கொஞ்சம் நீளவாக்கிலும் இருக்கட்டும். மரம் மழைக்காலத்தில் அகலத்தில் உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும், நீளத்தில் மட்டும் அசையாது. அசைய இடம் கொடுக்காவிட்டால் தானே வெடித்து இடம் எடுத்துக்கொள்ளும். எந்த ஸ்க்ரூவுக்கும் முதலில் மெல்லிய ட்ரில்லால் வழி போட வேண்டும், நேரடியாக முறுக்கினால் ஓரம் பிளந்துவிடும். பசை பூசாமல் ஒரு தடவை முழுவதையும் பூட்டிப் பாருங்கள், எல்லாம் சரியாக இருந்தால் கழற்றிப் பசை போட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

ஓரங்களை எல்லாம் சேண்ட் பேப்பரால் உருட்டி எடுத்தபின் ஒரு பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஸ்டூலை முழுக்கத் தடவிப் பாருங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே சிராய் இருக்கிறது.

கேள்வி: எந்த மரம் நல்லது? எங்கள் பக்கம் டர்பன்டைன், சபுக்கு, பைனஸ் எல்லாம் கிடைக்கிறது. பலா வேண்டும் என்கிறார் அப்பா. (ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: டீச்சர், அப்பா சொல்வதில் ஞாயம் இருக்கிறது. பலா கெட்டி, வேலைக்கும் இணங்கும், புதிதில் மஞ்சளாக இருந்து வருடம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும். ஆனால் தோட்டத்திலோ வீட்டு வளவிலோ நிற்கிற பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். கடையில் அறுத்த பலகையாக வாங்கி, பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டூலுக்கு எதற்கு பில் என்று கேட்பீர்கள். பலகையை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வரும்போது வழியில் யாராவது கேட்டால் வாயால் சொல்வதை விடக் கடதாசி பேசும்.

டர்பன்டைன் என்றதும் பெயின்டில் கலக்கிற எண்ணெயை நினைக்க வேண்டாம், மலையில் அந்தப் பெயரில் விற்பது யூகலிப்டஸ் சாதி மரம். பலம் உண்டு, பாரமும் உண்டு, காயும்போது முறுக்கிக்கொள்ளும், முதல் வேலை செய்கிறவருக்கு அதில் ஆணி அடிக்கிறதே ஒரு தண்டனை. சபுக்கு, அதுதான் தேயிலைக்கு நிழலுக்கு வைக்கிற மரம், என் கணக்கில் இந்த வேலைக்கு நல்லது. சரியான பக்கத்தில் அறுத்தால் பலகை முழுக்க மீன் செதில் மாதிரிப் புள்ளி மின்னும், பரிசாகக் கொடுக்கிற சாமானுக்கு அதுவே அலங்காரம். சிலருக்கு அதன் தூள் பட்டால் தோல் அரிக்கும், ஆகவே முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, வெளியில் வைத்து இழையுங்கள். பைனஸ் மெத்தென்று இருக்கும், முடிச்சு இல்லாத பலகையாகப் பொறுக்கினால் பாவிக்கலாம், முடிச்சிலிருந்து பிசின் கசிந்தால் பிள்ளையின் பாதம் ஒட்டும். அல்பீசியாவைக் கால் பலகைக்குப் போடவே வேண்டாம், லேசு என்று ஆசைப்பட்டு எடுத்தால் பூச்சி அரித்து மாவு கொட்டும்.

எந்த மரம் என்பதை விட முக்கியம், அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது. ஒரு முறை ஒரு கடையில் ‘நல்லா காய்ஞ்சது’ என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த பலகையை வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தேன், அடுத்த கிழமை நிறுத்தால் எடை குறைந்திருந்தது, அதற்கடுத்த கிழமை இன்னும் குறைந்தது. நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பலகையை வீட்டுக்குள் காற்றுப்படுகிற இடத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் நடுவில் குச்சி வைத்து அடுக்கி, கிழமைக்கு ஒரு தரம் கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை இறங்காமல் நின்ற கிழமையில் வெட்டத் தொடங்கலாம். உங்கள் பக்கம் இது சீக்கிரம் நடக்கும். ஜூன், ஜூலையில் மஸ்கெலியாப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஊவாவில் கச்சான் காற்று அடித்து உதடு வெடிக்குமே, அந்தக் காற்றில் பலகையும் காயும். இதே காரணத்தால் மழை ஊரில் செய்த ஸ்டூலை பதுளையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் பரிசாகக் கொடுத்தால் அங்கே போய் அது சுருங்கும். மேலே சொன்ன நீள ஓட்டை அதற்கும்தான்.

இன்னொன்று. சாமான் இறக்கிய பழைய பலட் பலகைகளைச் சிலர் இலவசமாகக் கொண்டுவருகிறார்கள். பக்கத்தில் சூடு வைத்த முத்திரையைப் பாருங்கள். ‘HT’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, பாவிக்கலாம். ‘MB’ என்று இருந்தால் மீதைல் புரோமைட் என்கிற நச்சு வாயு அடித்தது, பிள்ளையின் சாமானுக்கு வேண்டாம். ரயில் பாதையில் கழற்றிய சிலிப்பர் கட்டை, தார் எண்ணெய் வாசம் அடிக்கிறது, அதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், எவ்வளவு பலமாக இருந்தாலும்.

கேள்வி: பைண்டர் கம் போட்டு ராத்திரி ஒட்டி வைத்தேன். காலையில் கையால் அசைத்ததும் கழன்றுவிட்டது, ஒட்டின இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள். கம் போலியா? (வாசகர், நானுஓயா)

பதில்: கம்மைத் திட்டாதீர்கள், குளிரைத் திட்டுங்கள். நீங்கள் கடிதம் எழுதிய தேதி ஜனவரி. உங்கள் பக்கம் அந்த மாதத்தில் விடியற்காலை தேயிலைக் கொழுந்து பனியில் கருகுகிற குளிர். வெள்ளை மரப்பசை பொதுவாக 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் படலமாகப் பிடிக்காது, தண்ணீர் மட்டும் போய் மிச்சம் சுண்ணாம்பாக உதிரும். பகல் பதினொரு மணிக்கு வெயில் ஏறினபின் ஒட்டுங்கள், பலகையும் பசைப் போத்தலும் அதற்கு முன்னாலேயே வீட்டுக்குள் சூடேறி இருக்கட்டும். ராத்திரி குசினியில் வையுங்கள், அடுப்பை ஒட்டி அல்ல, ஒரு கை நீட்டுகிற தூரத்தில். முழுசாக ஒரு நாள் கிளாம்பிலோ கயிற்றிலோ இறுக்கி வைத்தபின்தான் கழற்ற வேண்டும். பழைய தூளைச் சுரண்டி மரம் தெரிகிற வரை தேய்த்தபின் திரும்ப ஒட்டுங்கள், அதன் மேலேயே ஒட்டினால் திரும்பவும் கழன்று வரும்.

கேள்வி: அம்மா 27 வருடம் கொழுந்து எடுத்தவர், இப்போது பென்சன். முழங்கால் வலி. சாமி தட்டும் மசாலா டப்பாக்களும் உயரத்தில் இருப்பதால் கஷ்டப்படுகிறார். அவருக்கு இரண்டு படி வைத்து ஒரு ஸ்டூல் செய்து பொங்கலுக்குக் கொடுக்கப் போகிறேன். அளவு சொல்லுங்கள். (மகன், தலவாக்கலை)

பதில்: அளவு சொல்ல மாட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கூடையோடு ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடந்தே தேய்ந்த முழங்காலை இன்னும் இரண்டு படி ஏறு என்று சொல்கிற பரிசு அது. அதுவும் கையில் விளக்கோடும் தீப்பெட்டியோடும். அம்மா வயசில் ஒரு தரம் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அதே பலகையில் அதே பசையில் வேறு ஒன்று செய்யுங்கள்: அம்மா நேராக நின்று கையை நீட்டினால் நெஞ்சு உயரத்துக்கு வருகிற இடத்தில் ஒரு தட்டு, சாமிக்கும் மசாலாவுக்கும். சாமி கீழே இறங்கி வந்தால் கோபித்துக்கொள்ளாது. ஸ்டூல்தான் கொடுக்க வேண்டும் என்று மனசு கேட்டால், உட்கார்ந்து கால் கழுவவும் கால் நீட்டவும் 6 அங்குல உயரத்தில் அகலமாக ஒன்று செய்து கொடுங்கள், மேலே ஏறுவதற்கு இல்லை என்று சொல்லியே கொடுங்கள். ஏறாமல் இருப்பாரா என்பது வேறு விஷயம், அதனால்தான் அதையும் பலமாகச் செய்யச் சொல்கிறேன்.

கேள்வி: செய்து முடித்தேன், ஆடுகிறது. ஒரு காலைக் கொஞ்சம் அறுத்தேன், மற்றக் கால் ஆடியது. அதை அறுத்தேன். இப்போது 9 அங்குலம் 8 ஆகிவிட்டது, இன்னும் ஆடுகிறது. (வாசகர், பதுளை)

பதில்: பூனைகளுக்குக் குரங்கு அப்பம் பங்கு வைத்த கதை உங்கள் வீட்டில் நடக்கிறது. வாளை முதலில் பூட்டி வையுங்கள். ஸ்டூலை உங்கள் வீட்டுத் தரையில் வைத்துப் பார்த்தீர்களா, தரையே மேடு பள்ளமாக இருக்கலாம். கடையிலோ கோயிலிலோ டைல்ஸ் போட்ட தரையில், இல்லாவிட்டால் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஆடினால், எந்த இரண்டு பாதம் மூலைக்கு மூலை தரையை விடாமல் நிற்கிறதோ அவைதான் நீளம். அறுக்க வேண்டாம். அந்தச் சமதரையில் கரடான சேண்ட் பேப்பர் ஒன்றை டேப்பால் ஒட்டி, நீளமான பாதத்தை மட்டும் அதன் மேல் வைத்து முன்னும் பின்னும் பத்துத் தரம் தேயுங்கள், பாருங்கள், திரும்பப் பத்துத் தரம். கடைசியில் நான்கு பாதத்துக்கும் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டுங்கள், செருப்புத் தைக்கிறவரிடம் இருக்கிற பசை போதும். மிச்சம் மீதி ஆட்டத்தை ரப்பர் விழுங்கிவிடும், ஈரத் தரையில் வழுக்கவும் செய்யாது.

முக்காலி ஆடாதே, மூன்று கால் வைக்கலாமா என்று கேட்டு இன்னொருவரும் எழுதியிருக்கிறார். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, உண்மைதான், மாடு கறக்க, உட்கார, அருமையான சாமான். ஏறி நிற்க வேண்டாம். காலில்லாத பக்கத்து ஓரத்தை மிதித்தால் அப்படியே குடை சாயும்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன்னால் நீங்கள் சொன்னபடி தேங்காயெண்ணெய் பூசினேன். பிசுபிசு என்று இருக்கிறது, வாசமும் சரியில்லை, எறும்பு வருகிறது. (வாசகி, கொட்டகலை)

பதில்: என் தவறு தங்கச்சி. நான் எழுதியது துருவுபலகைக்கும் கரண்டிக்கும், அவை நாளும் கழுவித் துடைக்கிறவை. அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தேங்காயெண்ணெய் மரத்தில் காய்ந்து இறுகவே இறுகாது, நாள்பட்டால் சிக்கு வாடை வரும். சவர்க்காரத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, சேண்ட் பேப்பர் போட்டுவிட்டு, காய்கிற எண்ணெயாகப் பார்த்துப் பூசுங்கள், ஆளி விதை எண்ணெய், ஹாட்வெயாரில் லின்சீட் என்று கேட்டால் தருவார்கள். மெல்லிசாகப் பூசி, கால் மணித்தியாலத்தில் மிஞ்சியதைத் துடைத்து எடுக்க வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டின துணி யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் போட்டு, மொரமொரப்பாகக் காய்ந்தபின் எறியுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

ஏறி நிற்கிற மேல் பக்கத்தைக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக்க வேண்டாம். வார்னிஷ் பூசினாலும் அங்கே கடைசியாக லேசாகத் தேய்த்துவிடுங்கள். வீட்டில் பல வருடமாகக் கிடக்கிற பழைய பெயின்ட் டின்னையும் பாவிக்காதீர்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், சின்னப் பிள்ளை ஸ்டூலைக் கடித்துப் பார்க்காமல் விடாது.

கேள்வி: ஸ்டூலைத் தூக்க மேலே நடுவில் ஓட்டை போடலாமா? பேரனின் பெயரை எங்கே எழுதுவது? (தாத்தா, ராகலை)

பதில்: ஓட்டை போடுங்கள் ஐயா, ஆனால் ஒரு முழுக் கை போய் வருகிற அளவுக்கு, 4 அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல அகலம். சின்ன ஓட்டையில் விரல் மாட்டும். என் அளவில் செய்தால் நடுச்சட்டம் சரியாக அந்த ஓட்டைக்கு அடியில் வரும், ஆகவே சட்டத்தின் மேல் விளிம்பிலும் அதே நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் குடைந்து எடுக்க வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஓட்டையை விட்டுவிடலாம், பிள்ளைகள் எப்படியும் ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

பெயரை மேலே செதுக்கினால் பள்ளத்தில் அழுக்கும் தண்ணீரும் நிற்கும். அடிப்பக்கம் எழுதுங்கள். அடுப்பில் பழுக்க வைத்த கம்பியால் எழுதினால் கறுப்பாக நிற்கும், வேண்டாத பலகைத் துண்டில் நாலு எழுத்து பழகிப் பாருங்கள், ‘ழ’ கொஞ்சம் அடம் பிடிக்கும். தேதியையும் போடுங்கள். முடிந்தால் அன்றைக்குப் பேரனின் பாதத்தைப் பலகையின் அடிப்பக்கத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, அதன் மேல் ஒரு பூச்சு வார்னிஷ். மச்சானை விழுத்தின ஸ்டூலுக்குப் பதிலாகச் செய்த இரண்டாவது ஸ்டூலின் அடியில் என் மகளின் பாதம் அப்படித்தான் இருக்கிறது, ஐந்தரை அங்குலம், சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் கோணலாக, கூச்சத்தில் காலை இழுத்துவிட்டாள். இப்போது அதில் அவளுடைய மகன் ஏறிப் பல் விளக்குகிறான்.

அடுத்த மாதம் மழைக்கு உப்புகிற கதவு. எழுதுகிறவர்கள் கதவு எந்தப் பக்கம் உரசுகிறது, மேலேயா கீழேயா என்று பார்த்து எழுதுங்கள், ‘மூட முடியவில்லை’ என்று மட்டும் எழுதினால் நான் இங்கிருந்து என்ன செய்வது?